சூரியனும் காற்றும் அரச உதவியும்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு பாடம்

நாற்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவர் எவராலும் ஜாம் போத்தல் விளக்கை மறக்க முடியாது. 1990 ஆம் ஆண்டு குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னைப் போல அருமையாயிற்று. போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, திரியை ஏற்றினால் ஓர் இரவு படிக்கலாம். நானும் அந்த வெளிச்சத்தில் படித்தவன்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த விளக்குப் பழுதானால் திருத்துவதற்கு வெளியிலிருந்து எவரும் வரவேண்டியிருக்கவில்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் அதன் வேலை தெரிந்திருந்தது.

பல ஆண்டுகளின் பின்னர், குருவாக நான் பணியாற்றிய ஓர் இடத்தில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த நலன்புரி நிலையமொன்றின் கிணற்றடியில் சூரிய சக்தி விளக்குக் கம்பம் ஒன்று நாட்டப்பட்டது. திறப்புவிழா நடந்தது. கம்பத்தில் பெயர்ப்பலகையும் இருந்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் விளக்கு நன்றாக எரிந்தது. பிறகு பற்றரி செத்துவிட்டது. அதை மாற்றுவதற்கு எவரிடமும் பணம் இருக்கவில்லை. அது யாருடைய பொறுப்பு என்பதும் எவருக்கும் தெரியவில்லை. அங்கிருந்த வயதான அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "சுவாமி, தந்தவை போயிட்டினம். இனி ஆரைக் கேக்கிறது?"

இன்றைய பாடம் அந்த அம்மாவின் கேள்வியைப் பற்றியதே. சூரியனிலும் காற்றிலும் இருந்து மின்சாரம் பெறுவதற்கு அரசாங்கமும், அரசாங்கத்தின் ஊடாக வெளிநாடுகளும் வங்கிகளும் பணம் தருகின்றன. அந்தப் பணம் எவ்வாறு வருகிறது, யாரிடம் போகிறது, திட்டம் முடிந்த பின்னர் ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமல் கையொப்பமிட்டால் விளக்கு அணைந்த பிறகும் கடன் நிற்கும்.

1. உதவி நான்கு வகைப்படும்

"அரசாங்கம் சோலார் குடுக்குதாம்" என்று ஒரு செய்தி வந்தால், முதலில் அது எந்த வகை உதவி என்று கேட்க வேண்டும்.

முதலாவது, நன்கொடை. இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக 1994 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் இயங்கி வருகிறது. இது தனிக் குடும்பங்களுக்குப் பணம் தருவதில்லை. பதிவு செய்யப்பட்ட ஊர் அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்குமே தருகிறது.

இரண்டாவது, சலுகை வட்டிக் கடன். வட்டியின் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும். முதலை நாம் கட்ட வேண்டும். 2018 இல் "ரிவி பல சவி" என்ற பெயரில் கூரைச் சூரிய மின் தொகுதிக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வரை இவ்வாறான கடன் அறிவிக்கப்பட்டது. அரசாங்கங்கள் மாறும்போது இத்தகைய திட்டங்களும் மாறிவிடுகின்றன. நாம் பட்ட கடன் மாத்திரம் மாறுவதில்லை.

மூன்றாவது, கொள்விலை. நாம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை மின்சார சபையின் கம்பியில் விட்டால், ஓர் அலகுக்கு இத்தனை ரூபா என்று உடன்படிக்கை எழுதித் தருவார்கள்.

நான்காவது, அரச நிறுவனமே மின்நிலையத்தை அமைத்து நடத்துவது. இதில் ஊரவர் பாவனையாளர் மாத்திரமே.

இந்த நான்கும் ஒன்றல்ல. ஆனால் கூட்டங்களில் எல்லாமே "உதவி" என்ற ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன. எங்கள் குடும்பங்கள் இந்தக் குழப்பத்துக்கு முன்னரும் விலை கொடுத்திருக்கின்றன. வீடு வீடாக வந்த நுண்கடன் எத்தனை பெண்களை அழவைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்று நீக்க வேண்டிய நிலை வந்தது. எனவே, "இது நன்கொடையா, கடனா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

2. மலைநாட்டுக் கிராமங்கள் கற்ற பாடம்

இலங்கையில் ஊர் மக்கள் ஒன்றுகூடி மின்சாரம் உற்பத்தி செய்த மிகப் பெரிய அனுபவம் மலைநாட்டிலும் அதனை அண்டிய மாவட்டங்களிலும் கிடைத்தது. 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனோடும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் நன்கொடையோடும் அரசாங்கம் ஒரு சக்தித் திட்டத்தை நடத்தியது. அதனைத் தொடர்ந்து 2002 இல் கிராமியப் பொருளாதார அபிவிருத்திக்கான மீள்புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டம் தொடங்கி 2011 வரை நடந்தது. டீ.எஃப்.சீ.சீ. வங்கி அதை நிர்வகித்தது.

அதில் ஒரு நல்ல விதி இருந்தது. ஓடையில் மின்பிறப்பாக்கியை வைப்பதற்கு முன்னர், ஊரில் "மின் பாவனையாளர் சங்கம்" ஒன்று அமைக்கப்பட வேண்டும். சங்கம் பதிவு செய்யப்பட்டு, வங்கிக் கணக்குத் திறந்து, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்யும். வாய்க்கால் வெட்டுதல், கல் சுமத்தல், கம்பம் நாட்டுதல் எல்லாம் ஊரவரின் சிரமதானம். செலவின் ஒரு பகுதிக்கு நன்கொடை கிடைத்தது. மீதிக்குச் சங்கம் வங்கிக் கடன் எடுத்தது. ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் கட்டிய பணத்தால் கடன் தீர்க்கப்பட்டது. மின்பிறப்பாக்கியைப் பார்த்துக்கொள்ள ஊர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து ஒரு சிறு கொடுப்பனவும் கொடுத்தார்கள். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெளிச்சம் கண்டன. அதே திட்டத்தின் கீழ் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடனுக்குச் சிறிய சூரிய மின் தொகுதிகளைப் பெற்றன.

பின்னர் நடந்ததையும் அறிந்திருக்க வேண்டும். தேசிய மின்கம்பி எதிர்பார்த்ததை விட வேகமாக அந்த ஊர்களுக்கு வந்துவிட்டது. கம்பி வந்ததும் பலர் சூரியத் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். கடன் தவணை கட்டுவதையும் சிலர் நிறுத்தினார்கள். கடன் கொடுத்த கிராமிய நிறுவனங்கள் நட்டப்பட்டன. பல சிறு நீர்மின் நிலையங்கள் பூட்டிக் கிடந்தன. ஆயினும் சங்கம் வலுவாக இருந்த சில ஊர்கள், தமது மின்சாரத்தைத் தேசியக் கம்பிக்கே விற்க வழிதேடின.

இதிலிருந்து இரண்டு காரியங்களைக் கற்கிறோம். சங்கத்தை முதலில் கட்டிய ஊரில் மின்நிலையம் மூடப்பட்டாலும் சங்கம் மிஞ்சியது. மற்றது, கடன் எடுக்குமுன் "இன்னும் ஐந்து வருடத்தில் இந்த இடத்துக்கு மின்கம்பி வருமா?" என்று மின்சார சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் கேட்டு அறியாமல் விட்டது பெரிய பிழை.

3. எமது தீவுகளில் நடந்தது

இனி எமது கடலுக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குத் தேசிய மின்கம்பி போகவில்லை. மின்சார சபை டீசல் மின்பிறப்பாக்கிகளால் அங்கு மின்சாரம் கொடுத்து வந்தது. டீசலைப் படகில் ஏற்றிச் செல்வது செலவும் கஷ்டமுமான வேலை. ஆகவே சூரியன், காற்று, பற்றரி, அவசரத்துக்கு டீசல் என்ற நான்கையும் சேர்த்த கலப்பு மின்நிலையம் பரிந்துரைக்கப்பட்டது. முதலில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சிறிய தீவாகிய எழுவைதீவில் இது பரீட்சிக்கப்பட்டது.

மற்ற மூன்று தீவுகளின் கதை நீண்டது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அந்த வேலையை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கத் தீர்மானித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவின் நன்கொடையாக இதைச் செய்வதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடை. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற் காற்று மின்சாரமும், பற்றரியும், அவசர டீசல் மின்பிறப்பாக்கிகளும் திட்டமிடப்பட்டன.

முதல் தீர்மானத்திலிருந்து இறுதி ஒப்பந்தம் வரை மூன்று ஆண்டுகள் போயின. அந்த மூன்று ஆண்டும் தீவு மக்கள் டீசல் மெசினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய நாடுகளின் கணக்கு எமது கையில் இல்லை. அதனால் பெரிய திட்டம் ஒன்று வரும் என்று சொல்லப்படும்போது, "வரும் வரைக்கும் நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்ற கேள்விக்கும் ஊர்ச் சங்கத்திடம் ஒரு மறுமொழி இருக்க வேண்டும்.

4. கூரையின் மேல் சூரியன்

2016 செப்டெம்பரில் அரசாங்கம் "சூரிய பல சங்கிராமய" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி ஒரு வீட்டுக்காரர் மூன்று வழிகளில் ஒன்றைத் தெரியலாம். உற்பத்தியான அலகுகளைப் பாவித்த அலகுகளோடு கழித்து, மிஞ்சியதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது ஒரு வழி. மிஞ்சிய அலகுகளுக்குக் காசு வாங்குவது இரண்டாவது. உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவனைக்கு வழமைபோலப் பில் கட்டுவது மூன்றாவது.

அன்று முதல் ஏழு வருடத்துக்கு ஓர் அலகுக்கு 22 ரூபாவும் அடுத்த பதின்மூன்று வருடத்துக்கு 15 ரூபா 50 சதமும் தருவதாக உடன்படிக்கை எழுதப்பட்டது. 2022 நெருக்கடிக்குப் பின்னர் புதிய ஒப்பந்தங்களுக்கு 37 ரூபா வரை உயர்த்தப்பட்டது. 2025 இல் 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட புதிய தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதமாகக் குறைக்கப்பட்டது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். நல்ல வெயிலில் 1 கிலோவாற் தகடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். 5 கிலோவாற் என்றால் மாதத்துக்கு 600 அலகு. வீட்டில் 200 அலகு பாவித்தால் 400 மிஞ்சும். 37 ரூபாப்படி அது 14,800 ரூபா. 20 ரூபா 90 சதப்படி 8,360 ரூபா. விற்பனையாளர் பழைய விலையைச் சொல்லி, "தவணையை மின்சாரமே கட்டும்" என்று சொன்னால் மாதந்தோறும் 6,440 ரூபா எங்கள் பையிலிருந்து போகும். ஆகவே கையொப்பமிடும் நாளில் நடைமுறையிலுள்ள விலையை மின்சார சபை அலுவலகத்திலேயே கேட்டு, எழுத்தில் பார்க்க வேண்டும். மாரி மாதங்களில் உற்பத்தி குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு காரியத்தைப் பலரும் அறிந்திருப்பதில்லை. பற்றரி இல்லாத கூரைத் தொகுதி, மின்வெட்டு நேரத்தில் வேலை செய்யாது. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளிக்கு ஆபத்து வராமலிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தும் கூரைத் தகடுள்ள வீடுகளிலும் மின்விசிறி சுழலவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரத் தேவை குறைந்திருந்தபடியால், கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆகவே எமது நோக்கம் வருமானமா, புயல் நாளில் வெளிச்சமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய உபகரணங்கள் ஒன்றல்ல.

5. கிணற்றடிக் கணக்கு

தோட்டக்காரருக்கு விளக்கை விட இறைப்பே பெரிய செலவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாகியது. ஓர் இறைப்புக்கு 3 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 261 ரூபாவுக்கு முடிந்த இறைப்பு அடுத்த நாள் 1,020 ரூபாவாயிற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்தவர்கள் அந்தப் போகத்தை எப்படித் தாண்டினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சூரிய நீரிறைக்கும் பம்பு இதற்கு நல்ல மாற்று. இந்தியாவில் 2019 இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில், பம்பின் விலையில் மத்திய அரசு 30 வீதமும் மாநில அரசு 30 வீதமும் ஏற்று, மீதியை விவசாயி கட்டும் முறை வகுக்கப்பட்டது. எமது நாட்டிலும் 2000 களில் உலர் வலய விவசாயிகளுக்குச் சூரிய சக்திச் சொட்டுநீர்த் தொகுதிகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அவற்றில் பல கைவிடப்பட்டன. பயிருக்கு வேண்டிய அளவு நீரைப் பம்பு தரவில்லை. பழுதானால் திருத்துபவர் அருகில் இருக்கவில்லை. எனவே பம்பு வாங்குமுன், எமது கிணற்றின் ஆழம், கோடையில் நீர்மட்டம், தோட்டத்தின் பரப்பு, பயிர் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற பம்பைக் கேட்க வேண்டும். இத்தகைய திட்டங்கள் வரும்போது கமநல சேவைகள் நிலையமும் கமக்காரர் அமைப்பும் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. எமது தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கியிருக்கும் மழைநீர். அதன் கீழே உப்புநீர் இருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் அறிவோம். எமது கிணறுகளின் நிலையும் ஏறத்தாழ அதுதான். துலா மிதித்த காலத்தில் உடம்பின் களைப்பே தண்ணீருக்கு அளவு வைத்தது. மண்ணெண்ணெய் வந்தபோது அதன் விலை அளவு வைத்தது. சூரியனுக்கு விலை இல்லை. பம்பு காலையிலிருந்து மாலைவரை ஓடினால் கிணறு உவராகும். பக்கத்து வளவுக் கிணறும் உவராகும். ஆகவே சூரிய பம்பு வைக்கும் ஊரில், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இறைப்பது என்ற விதியையும் சங்கம் வைக்க வேண்டும்.

சுத்தமான சக்தி ஏன் வேண்டும் என்பதைச் சுன்னாகம் எமக்குக் கற்பித்தது. டீசல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. எண்ணெய் கலந்த கிணற்றைத் துப்புரவாக்குவது எளிதல்ல. மின்சாரமும் தண்ணீரும் எமது மண்ணில் ஒரே கணக்கு.

6. காணி இல்லாதவர் என்ன செய்வது?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களில் பலர் சொந்த மண்ணுக்குத் திரும்பிவிட்டார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. ஆனால் இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அரச திட்டங்கள் பெரும்பாலும் சொந்தக் காணியும் சொந்தக் கூரையும் உள்ளவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. கூரைத் தொகுதிக்கு மின்மானி விண்ணப்பகாரர் பெயரில் இருக்க வேண்டும். வங்கி காணி உறுதியைக் கேட்கும். எனவே உதவி மிகவும் தேவைப்படுபவர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று காரியம் சொல்வேன்.

ஒன்று, பிறர் காணியில் நிலையான தொகுதி அமைக்கக் கடன் எடுக்க வேண்டாம். கழற்றிக் கொண்டுபோகக்கூடிய சிறிய தகடு, சிறிய பற்றரி, சில எல்.ஈ.டி. விளக்குகள், தொலைபேசி சார்ஜ் செய்யும் வசதி இவை போதும். மறுபடி எழும்பினாலும் அவை எங்களோடு வரும்.

இரண்டு, காணி விடுவிக்கப்பட்டுத் திரும்புபவர்கள் முதலில் கிணற்றைப் பாருங்கள். பற்றை வெட்டி, தூர் வாரி, நீரைப் பரிசோதித்த பின்னர் பம்பைத் தீர்மானியுங்கள். மின்கம்பம் இன்னும் வராத காணியில் சிறிய சூரிய பம்பு முதல் பயிரை வைக்க உதவும். வீட்டு வெளிச்சம் அதற்குப் பிறகு வரலாம்.

மூன்று, உறுதி தொலைந்தவர்கள் இப்போதே காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இறந்தவர் பெயரில் காணி இருந்தால் பிள்ளைகள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு ஓடித்திரிவதற்கு நாள் போதாது.

7. முதலில் பொது மண்டபம்

எந்தத் திட்டத்தைக் கேட்பது என்று சங்கங்கள் என்னிடம் விசாரித்தால், முதலில் பொது மண்டபத்தைக் காட்டுவேன். 1995 ஒக்ரோபர் 30 இல் நாம் வீதியில் இறங்கியபோது எமக்குக் கூரை தந்தவை பாடசாலைகளும் கோயில்களும் ஆலயங்களும்தான். 2008 நவம்பரில் நிஷா புயலிலும் 2024 நவம்பரில் ஃபெங்கல் மழையிலும் வெள்ளம் வந்த ஊர்களில் மக்கள் ஓடியது அங்கேதான். அந்த மண்டபத்தில் ஒரு பற்றரியோடு கூடிய சூரியத் தொகுதி இருந்தால் ஊர் முழுவதற்கும் பயன்.

தேவையைக் கணக்கிடுவோம். 9 வாற் விளக்கு பத்து, ஆறு மணித்தியாலம் எரிய அரை அலகுக்குச் சற்றுக் கூட. நாற்பது தொலைபேசிக்கு அரை அலகுக்குள். இன்சுலின் வைக்க ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு ஏறத்தாழ ஓர் அலகு. கிணற்று மோட்டருக்கு அரை அலகு. எல்லாமாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை அலகு. நல்ல வெயிலில் 1 கிலோவாற் தகடே போதும். ஆனால் புயல் நாளில் மழைமுகில் இருக்கும். ஆகவே 2 கிலோவாற் தகடும், இரண்டு நாள் தாங்கும் 5 அலகுப் பற்றரியும் கேட்க வேண்டும்.

இந்திய உதவியின் கீழ் 25 மாவட்டங்களிலும் 5,000 மதத் தலங்களுக்குச் சூரியத் தொகுதிகள் வழங்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. உங்கள் ஊர்க் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதிலாவது அத்தகைய தொகுதி இருந்தால், அதில் பற்றரி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்ப்பதே சங்கத்தின் அடுத்த வேலையாக இருக்கலாம். எந்தச் சமயத்தவரின் கூரையாயினும், வெள்ளம் வரும்போது அதன் கதவு எல்லோருக்கும் திறக்கும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. சங்கமும் கணக்குப் புத்தகமும்

கடலுக்கு அப்பால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஓடந்துறை என்ற சிறிய ஊராட்சி உள்ளது. 2006 இல் அந்த ஊராட்சி 350 கிலோவாற் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடி 55 இலட்சம் இந்திய ரூபா. அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி 1 கோடி 15 இலட்சம் வங்கிக் கடன். காற்றாலை தந்த மின்சாரம் ஊரின் தேவைக்கும் மிஞ்சி விற்கப்பட்டது. வங்கி அந்த ஊரை நம்பியதற்குக் காரணம், அந்த 40 இலட்சத்தையும் வரவுசெலவுக் கணக்கையும் ஊரால் காட்ட முடிந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வழி அதுதான்.

மண்டபத்துப் பற்றரியின் விலை 3 இலட்சம் ரூபா, அது பத்து வருடம் உழைக்கும் என்று வைப்போம். மாதத்துக்கு 2,500 ரூபா ஒதுக்கினால் புதிய பற்றரிக்குப் பணம் தயார். ஊரில் ஐம்பது குடும்பம் என்றால் குடும்பத்துக்கு மாதம் 50 ரூபா. கிணற்றடி விளக்குக் கம்பத்துக்கு அந்த முகாமில் ஒருவரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. போடச் சொல்லி எவரும் சொல்லவுமில்லை. நானும் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புதிதாகச் சங்கம் அமைக்க வேண்டும் என்றில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் போதும். பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கணக்கு வருடந்தோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். இரண்டு பேர் கையொப்பத்தோடு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதப்பட வேண்டும். இந்த நான்கும் உள்ள சங்கம், திட்டம் அறிவிக்கப்பட்டவுடன் விண்ணப்பிக்கலாம். ஊர் இளைஞர் ஒருவரையும் யுவதி ஒருவரையும் தொழிற்பயிற்சிக்கு அனுப்பி, இணைப்புகளைச் சோதிக்கவும் தகட்டைத் துடைக்கவும் பற்றரியைப் பார்க்கவும் பழக்குங்கள். உப்புக் காற்று வீசும் எமது கரையோரத்தில் இது மிகவும் அவசியம்.

9. கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

ஒன்று: இது நன்கொடையா, கடனா, இரண்டும் கலந்ததா? திருப்பிக் கட்ட வேண்டிய முழுத்தொகை எவ்வளவு?

இரண்டு: உபகரணம் யாருடைய பெயரில் இருக்கும்? எந்தக் காணியில் நிற்கும்? நாம் எழும்பினால் அது யாருக்கு?

மூன்று: மின்சாரம் நின்றால் இது வேலை செய்யுமா?

நான்கு: பழுதானால் திருத்துபவர் யார்? எத்தனை வருடம் உத்தரவாதம்? யாழ்ப்பாணத்தில் அவருக்கு அலுவலகம் உண்டா?

ஐந்து: பற்றரியும் இன்வேற்றரும் முடியும் நாளில் பணம் எங்கிருந்து வரும்?

இந்த ஐந்துக்கும் தமிழில், எழுத்தில் மறுமொழி தராத எவரிடமும் கையொப்பம் வைக்க வேண்டாம். மறுமொழி தந்தால் பயப்படாமல் முன்செல்லுங்கள். உதவியை வேண்டாம் என்று ஒதுக்குவது இப்பாடத்தின் நோக்கமல்ல. பொது மக்களின் வரியிலிருந்தும் பொது மக்கள் அடைக்கப்போகும் கடனிலிருந்தும் வரும் பணம் அது. அதில் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கி, வாங்கியதை எரிய வைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்துரையாட

உங்கள் ஊரில் எவராவது தந்து, இப்போது வேலை செய்யாமல் கிடக்கும் உபகரணம் எது? அது ஏன் நின்றது? திருத்த எவ்வளவு வேண்டும்?

கடந்த புயலில் மின்சாரம் எத்தனை நாள் நின்றது? அந்நாட்களில் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம் எது?

உங்கள் சங்கத்தின் பதிவும் கணக்கும் இன்று எந்த நிலையில் உள்ளன? அடுத்த கூட்டத்துக்கு முன்னர் அவற்றைச் சரிசெய்ய யார் பொறுப்பேற்பார்? பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.